வெறுங்கால் வீடு

புது வீட்டுக்கு இன்டீரியர் செய்து தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் கைபேசி நிறையப் படங்களோடுதான் வருவார்கள். வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, வெளிர் மரத்தரை, மூலையில் ஒரு தொட்டிச் செடி. "மேடம், இதே மாதிரி வேணும்." நான் கேட்கும் முதல் கேள்வி அவர்களுக்குக் கொஞ்சம் விநோதமாகப் படும்: "ராத்திரி எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?" கணவர் டைனிங் டேபிள் என்பார். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். மெல்ல உண்மை வெளியே வரும். டேபிள் மேல் மாத்திரை டப்பாவும் கரண்ட் பில்லும் இஸ்திரி போடவேண்டிய துணியும் கிடக்கின்றன. ராத்திரி எல்லாரும் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மதுரையில் நான் உள்ளே போய் வேலை பார்த்த வீடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். கீரை ஆய்வது, பூக் கட்டுவது, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவது, துவைத்த துணி மடிப்பது, கொலு வைப்பது, மத்தியானம் தலைக்கு ஒரு தலையணையை மட்டும் போட்டுக்கொண்டு சாய்வது எல்லாமே தரையில். சோபா பெரும்பாலும் முதுகு சாய்த்துக்கொள்ளத்தான் பயன்படுகிறது. தரையில் உட்கார்ந்து சோபாவில் சாய்ந்துகொள்வது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்றே நினைக்கிறேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறோம் என்பதால் வீட்டின் எந்தப் பகுதியைவிடவும் தரைதான் நம் உடம்பில் அதிகம் படுகிறது. ஆனால் வீடு கட்டும்போது தரைக்கு ஒதுக்குவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டைல்ஸ் கடைக்குப் போய், நின்றவாக்கில், செருப்புக் காலோடு, ஏசி ஹாலில், சுவரில் சாய்த்து நிறுத்திய பலகையைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம்.

சிவில் டிப்ளமோ முடித்து, சில காலம் கட்டட வேலையில் கொத்தனார்களோடு நின்றுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவள் நான். அதனாலோ என்னவோ, எந்த ஊர்க் கட்டடத்தைப் பார்த்தாலும் கண் முதலில் கீழேதான் போகும். ஒரு கட்டடப் பாணியைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கைபேசிப் படங்களையே எடுத்துக்கொள்வோம். அவற்றில் பெரும்பாலானவை ஸ்காண்டிநேவிய பாணி. டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் ஏறக்குறைய 6 மணி நேரம்தான். சூரியன் வந்தாலும் அடிவானத்தை ஒட்டியே நகர்ந்து மறைந்துவிடும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சமும் வீணாகாமல் அறைக்குள் எதிரொளிக்கத்தான் சுவருக்கு வெள்ளை. காலில் குளிர் ஏறாமல் இருக்கத்தான் தரைக்கு மரம். அதன் மேல் ஒரு கம்பளி விரிப்பு, மஞ்சள் விளக்கு, மெழுகுவத்தி. எல்லாமே இருட்டுக்கும் குளிருக்கும் சொன்ன பதில்கள், அந்த ஊருக்கு மிக அழகான பதில்கள். மதுரையில் டிசம்பரிலேயே பகல் பதினொன்றரை மணி நேரம். மே மாதம் 4 மணிக்கு மேற்கு ஜன்னல் உள்ள ஹாலில் கண்ணாடி மாதிரி மின்னும் வெள்ளை டைல்ஸ் போட்டுப் பாருங்கள். வெயில் தரையில் பட்டு நேரே முகத்தில் அடிக்கும். நின்றால் தெரியாது, உட்கார்ந்தால் தெரியும். அப்புறம் அதை மறைக்கக் கனத்த திரை வாங்குவோம். திரை போட்டதும் இருட்டாகிவிடும். இருட்டுக்குப் பகலிலேயே எல்இடி போடுவோம்.

வெளிநாட்டுப் பாணிகளில் நாம் கூர்ந்து பார்க்கவேண்டியது ஜப்பானும் கொரியாவும் என்பது என் கட்சி. காரணம், அவர்களும் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்கள், தரையில் வாழ்ந்தவர்கள். ஜப்பானில் அறையின் அளவையே பாய்க் கணக்கில் சொல்வார்கள், ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்று. தாத்தாமி எனப்படும் அந்தப் பாய் ஒன்று சுமாராக 3 அடிக்கு 6 அடி, ஓர் ஆள் படுக்கும் அளவு. உட்கார்ந்தபடியே வெளியே பெய்யும் பனியைப் பார்ப்பதற்கென்று, கீழ்ப்பாதியில் மட்டும் கண்ணாடி வைத்த நகரும் தட்டிக் கதவுகள்கூட அங்கே உண்டு. 1953-இல் 'டோக்கியோ ஸ்டோரி' எடுத்த யசுஜிரோ ஓசு, வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளுக்குக் கேமராவைத் தாழ்த்தி வைத்திருப்பார். பாயில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண் மட்டத்துக்கும் கீழே. அந்தப் படத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், தரையிலிருந்து பார்த்தால் ஓர் அறை எப்படி விரியும் என்று புரியும். கொரியர்களின் ஓந்தோல் முறையில் அடுப்படி நெருப்பின் புகையும் சூடும் தரைக்கு அடியிலுள்ள கால்வாய்கள் வழியாகப் போய் அறையையே சூடாக்கும். மேலே எண்ணெய் ஊறிய காகிதம் ஒட்டி வழுவழுப்பாக்கிய தரை. இன்றைய சியோல் அடுக்குமாடிகளில் அதே வேலையைச் சுடுதண்ணீர்க் குழாய்கள் செய்கின்றன. சோபா வந்தும் சூடான தரையை அவர்கள் விடவில்லை.

தரையில் உட்கார்ந்த ஆளின் கண் சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். நம் அடுக்குமாடிகளில் ஜன்னல் தொடங்குவதே 3 அடியில். அதாவது உட்கார்ந்தால் தெரிவது வெறும் வானம், இல்லாவிட்டால் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. பழைய வீடுகளின் ஜன்னலை நினைத்துப் பாருங்கள். தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஆரம்பிக்கும், மேலே ரெண்டு கதவு, கீழே ரெண்டு கதவு. தெருவில் போகிறவர் பார்க்கக்கூடாது என்றால் கீழ்க்கதவை மூடி மேல்கதவைத் திறந்துவைக்கலாம். பாயில் படுத்திருப்பவருக்குக் காற்று வேண்டுமென்றால் கீழ்க்கதவைத் திறக்கலாம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஹாலில் ஒரே ஒரு ஜன்னலையாவது கீழே இறக்குங்கள் என்று நான் எப்போதும் கேட்டுக்கொள்வேன். கம்பி போட்டுவிட்டால் குழந்தை பயமில்லை. செலவும் பெரிதாக ஏறாது.

இனி தரைக்கு வருவோம். சாணி மெழுகிய மண் தரையைப் பற்றி ஏக்கத்தோடு எழுத எனக்கு விருப்பமில்லை. அதை வாரம் தவறாமல் குனிந்து மெழுகியவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். சிமெண்டுக்கு முந்தைய சுண்ணாம்புத் தரையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. 1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர்கள் அங்கேதான் இருந்தார்கள். அதன் கறுப்புத் தரையில் ஜன்னலின் நிழல் விழுந்து கிடப்பது, தண்ணீர் தேங்கியது போலவே தெரியும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக் கரு, செடிச் சாறுகள் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த பளபளப்பு என்று சொல்வார்கள். நான் சொல்ல வருவது அந்தக் கறுப்பைப் பற்றி. அரண்மனைக்குள் வெளிச்சம் மரச் சட்டங்களின் இடுக்கு வழியாக வடிகட்டித்தான் வருகிறது. கறுப்புத் தரை அதை மேலும் அடக்குகிறது. வெளியே கண் கூசும் வெயிலில் நடந்து வந்தவருக்கு உள்ளே நுழைந்ததும் கண்ணுக்குத்தான் முதலில் குளிர்ச்சி, காலுக்கு அப்புறம்தான்.

சிமெண்ட் வந்தபிறகு நம் நடுத்தர வீடுகளுக்குக் கிடைத்த பெரும்பேறு ரெட் ஆக்சைடு தரை. என் அம்மா வீட்டுத் தரை அதுதான். சிவப்பு நடுவில், சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புக் கரை, பூஜை அறை வாசலில் மட்டும் கொத்தனாரின் கைவரிசையாக ஒரு பச்சை நட்சத்திரம். சிமெண்டோடு இரும்பு ஆக்சைடு பொடி கலந்து மேல்பூச்சாகப் போட்டு இழைப்பது, அவ்வளவுதான் சங்கதி. சொல்ல எளிது. இன்று அதைச் செய்யத் தெரிந்த கை குறைவு.

எனக்கு ஒரு பெரியவர் இருக்கிறார். ரெட் ஆக்சைடு என்றால் அவரைத்தான் கூப்பிடுவேன். வந்ததும் முதலில் செய்கிற வேலை, அறை முழுக்கத் தேவைப்படும் சிமெண்டையும் பொடியையும் ஒன்றாகக் கொட்டிச் சலித்து, உலர்ந்த கலவையாகவே மூட்டை கட்டி வைப்பது. பாதி வேலையில் கலவை தீர்ந்து மறுபடி கலந்தால் நிறம் ஒட்டாது. ஓர் அறையை ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். ஜன்னலைச் சாத்தச் சொல்லுவார், ஃபேனை நிறுத்தச் சொல்லுவார். "காத்து பட்டா மேலாக்க காஞ்சு வெடிச்சிரும்மா, யாரையும் உள்ள விடாத." அடிச் சாந்தை மட்டப்பலகை போட்டு இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்த்து, அது இறுகத் தொடங்கும் பதத்தில் சிவப்புக் கலவையை மெல்லிய பூச்சாக விடுவார். அப்புறம் காத்திருப்பு. விரல் வைத்தால் தடம் விழவேண்டும், ஆனால் ஒட்டக்கூடாது. அந்தப் பதம் வந்ததும் பலகை மேல் முழங்காலிட்டு, கரணையைப் படுக்கவைத்து, கை கொஞ்சமும் அழுத்தம் மாறாமல் அரைவட்டமாகத் தேய்த்துக்கொண்டே பின்னால் நகர்வார். முதல் சுற்றில் கரணைச் சத்தம் மந்தமாக, ஈரமாக இருக்கும். மூன்றாவது நான்காவது சுற்றில் மெல்லிய 'கிண்' வரும். "சத்தம் மாறணும்மா. மாறலேன்னா இன்னும் தேய்க்கணும்." மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி ஒரு வாரமாவது ஊறவிட வேண்டும். நன்றாகக் காய்ந்தபிறகு தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. அதற்குப் பிறகு மெருகேற்றுவது வீட்டுக்காரர்களின் பாதங்கள்தான். வருஷம் ஏற ஏற அழகு கூடுகிற தரை இது. டைல்ஸ் போட்ட அன்றைக்கு எப்படியோ அதுதான் அதன் உச்சம், அதற்கப்புறம் இறக்கம்.

ஆனால் ஒன்று. இந்தத் தரையில் முடி அளவுக்கு மெல்லிய கீறல் வரவே செய்யும். பெரிய அறையாக இருந்தால் பித்தளைப் பட்டியோ கண்ணாடிப் பட்டியோ வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டால் கீறல் கண்டபடி ஓடாது, அவ்வளவே. உடைந்த இடத்தில் ஒட்டுப்போட்டால் நிறம் சேரவே சேராது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கொண்டுவந்து இதில் ஊற்றினால் கதை முடிந்தது. கீறலைப் பார்த்தால் தூக்கம் வராது என்கிறவர்களிடம் நான் இதை விற்க முயல்வதில்லை.

குளிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்புத் தரை குளிர்ச்சி, டைல்ஸ் சூடு என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரே அறையில், வெயில் படாத இடத்தில், சிமெண்ட், கல், டைல்ஸ், மரம் எல்லாம் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். கல்லும் சிமெண்டும் டைல்ஸும் நம் பாதத்தின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சுவதால் குளிர்ச்சியாகத் தெரிகின்றன. மரம் மெல்ல உறிஞ்சுவதால் கதகதப்பாகத் தெரிகிறது. அம்மா வீட்டுத் தரை ஜில்லென்று இருந்ததற்குப் பெரிய காரணம், அது நேரே மண் மேல் இருந்தது. பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிருக்கும் மண் அவ்வளவாக அசைந்துகொடுக்காது. அதே ரெட் ஆக்சைடை மூன்றாவது மாடியில், கீழே இன்னொருவர் வீட்டு மின்விசிறி சுற்றுகிற கான்கிரீட் தளத்தின் மேல் போட்டால், தரைத்தளத்து ஜில்லிப்பை எதிர்பார்க்கக்கூடாது. மொட்டை மாடிக்கு அடியில் இருக்கும் வீடென்றால் தரையைத் தொடுவதற்கு முன் மேலே தட்டோடு பதிக்கப் பணம் செலவழியுங்கள்.

செட்டிநாட்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. இன்டீரியர் படங்களில் ஸ்காண்டிநேவியாவுக்கு அடுத்தபடி என்னிடம் அதிகம் வருவது அதுதான். பர்மா, இலங்கை, மலேயா என்று வணிகம் செய்த நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை கட்டிய வீடுகள். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் இடம்பெற்ற ஊர்கள். அந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் தேக்குத் தூணையும் கண்ணாடியையும் அண்ணாந்து பார்ப்பார்கள். கீழே பாருங்கள் என்பேன். முகப்பில் விருந்தாளிகள் கண்ணில் படும் இடத்தில் இத்தாலியப் பளிங்கு. உள்ளே பட்டாலை என்கிற மேடைகளில், வளவு என்கிற முற்றத்தைச் சுற்றிய நடையில், பூப்போட்ட சிமெண்ட் கல்லான பூக்கல். வெயிலும் மழையும் நேரே விழும் வளவின் நடுவில் கருங்கல். அடுப்படிப் பக்கம் போகப் போக அலங்காரமில்லாத கல். யார் எங்கே உட்காரலாம், எதுவரை வரலாம், பெண்கள் வேலை செய்த இடம் எது என்பதையெல்லாம் தரையே சொல்லிவிடும். காசு எங்கே காட்டப்பட்டது, எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டது என்பதையும்தான். இன்னொன்று, அந்த வீடுகளில் இடத்தைப் பிரிப்பது எப்போதும் சுவர் இல்லை. அரை அடி, ஓர் அடி உயரம் ஏறினால் வேறு இடம். பட்டாலை ஏறி உட்காரும் உயரத்தில் இருக்கும், வளவு தாழ்ந்திருக்கும். இதை அடுக்குமாடியில் அப்படியே செய்ய முடியாது, முதியவர்கள் தடுக்கி விழுவார்கள். ஆனால் ஹாலின் ஜன்னலோரத்தில் 15 அங்குல உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, மேலே கல் பதித்தால் திண்ணையாயிற்று. பேரன் புத்தகம் படிப்பான், தாத்தா பேப்பர் படிப்பார். சோபா ஒன்று மிச்சம்.

அதற்குப் பதிலாக நடப்பது என்ன? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. இடிக்கப்பட்ட வீட்டின் தேக்குத் தூண் ஒன்றை அங்கே வாங்கிவந்து, டிவிக்குப் பக்கத்தில், எதையும் தாங்காமல், மேலே ஃபால்ஸ் சீலிங்கில் முட்டிக்கொண்டு நிற்கவைக்கிறார்கள். கூரையைச் சுமந்த மரத்தை இப்படி வேலையில்லாமல் நிறுத்துவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதைத் திண்ணைக்குப் பலகையாக அறுத்துப் போட்டாலும் பாவமில்லை என்று சொல்லி ஒரு வாடிக்கையாளரை இழந்திருக்கிறேன்.

பூக்கல்லைப் பொறுத்தவரை நிலைமை பரவாயில்லை. காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் இன்றும் கையால்தான் செய்கிறார்கள். சூளை கிடையாது, மின்சாரம் கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து மேசையில் வைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் கூழ் பதத்தில் கரைத்த வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார் செய்பவர். மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேராக மேலே எடுப்பார். வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கும். அனுபவசாலிகள் அச்சே இல்லாமல் கரண்டி முனையிலேயே கொடியும் இதழும் இழுத்துவிடுவார்கள். அதன் மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவினால் ஈரத்தைக் குடித்து வண்ணத்தை இறுக்கிப் பிடிக்கும். அதன் மேல் சாந்து வைத்து மட்டம் தட்டி, சட்டத்தை எடுத்துவிட்டு ஆறவிடுவார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. ஊறி வெயிலில் காயும்போது கண்ணாடி தன்னால் விடும். கண்ணாடியில் ஒட்டியிருந்த பக்கம் கண்ணாடி மாதிரியே வழுவழுவென்று வந்துவிடும். பாலிஷே வேண்டாம். இந்த எளிமையை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கடையில் 'ஆத்தங்குடி டிசைன்' என்று அச்சடித்த பீங்கான் டைல்ஸும் கிடைக்கிறது. விலை மலிவு. அசலா என்று பார்க்கக் கல்லின் விளிம்பைப் பாருங்கள். அசலில் வண்ணம் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும், அதன் கீழே சாம்பல் சிமெண்ட் தெரியும். அசலின் கனம் சுமார் முக்கால் அங்குலம்; விட்ரிஃபைடு டைல்ஸ் அதில் ஏறக்குறைய பாதி. பழைய வீட்டில் தரை மாற்றும்போது இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் பதித்து முடித்தபிறகு ஒரு கதவும் திறக்காது. ஒவ்வொரு கல்லும் நிறத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பெட்டி பெட்டியாகப் பிரித்து வரிசையாகப் போடாமல் எல்லாவற்றையும் கலந்து போட்டால் அது குறையாகத் தெரியாது. பதித்ததும் சிமெண்ட் கறையை ஆசிட்டால் அல்ல, உமியால் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும், பிறகு தேங்காய் எண்ணெய். சமையலறைக்குப் பூக்கல் வேண்டாம் என்பேன். புளித்தண்ணீரும் எலுமிச்சையும் சிமெண்டைத் தின்னும், மஞ்சள் கறை போகாது. கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக் கல் இனம்தான், புளிப்புக்கு மங்கும். அங்கே சொரசொரப்பான கிரானைட், இல்லாவிட்டால் மேட் டைல்ஸ்.

மொசைக்கை மறக்கமுடியாது. ஆர்ட் டெகோ காலத்தில் நம் நகரங்களுக்கு வந்து, 1970, 80-களின் வீடுகளிலெல்லாம் நிறைந்தது. பளிங்குச் சிப்ஸைச் சிமெண்டில் கலந்து விரித்து, இறுகியபின் இயந்திரம் போட்டு அரைத்து எடுப்பது. ஒரு தலைமுறை அதை அலுப்பாகப் பார்த்து உடைத்துத் தள்ளியது. இப்போது அதே சங்கதி 'டெராசோ' என்ற பெயரில் மும்பை பத்திரிகைகளில் திரும்பியிருக்கிறது. உங்கள் அப்பா கட்டிய வீட்டில் மொசைக் தரை இருந்தால் அதன் மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரே ஓர் அறையை மட்டும் மறுபடி அரைத்து பாலிஷ் போட்டுப் பாருங்கள். உடைப்பதைவிடச் செலவு குறைவு, வண்டி வண்டியாய் இடிபாடு அள்ளும் வேலையும் இல்லை.

விட்ரிஃபைடு டைல்ஸை நான் வெறுக்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வரும் அந்த டைல்ஸ் எத்தனையோ பெண்களின் முதுகைக் காப்பாற்றியிருக்கிறது. தண்ணீர் உறிஞ்சும் அளவு அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால் கறை பிடிக்காது, ஒரு துடைப்பில் போய்விடும். வேலைக்குப் போகும் ஒருத்தி அதைக் கேட்டால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். பளபளப்பைத்தான் மறுப்பேன். ஈரம் பட்டால் வழுக்கும், வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிவது இங்கேதான். டைல்ஸ் பெட்டியில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று வழுக்குத்தன்மை அளவு போட்டிருக்கும். எண் ஏற ஏறப் பிடிப்பு அதிகம். குளியலறைக்கு ஆர்11 கேளுங்கள். ஹாலுக்கு மேட். வெள்ளைக்குப் பதில் மண் நிறம், சாம்பல், கடுக்காய் நிறம் என்று ஏதாவது ஒன்று. தரை அடங்கினால் சுவர் வெள்ளையாக இருந்தாலும் கண் கூசாது. சுவர் வண்ணத்தை நான் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தேர்ந்தெடுப்பேன்.

குறைந்த செலவில் நல்ல தரை என்று கேட்பவர்களுக்கு லாரி பேக்கரின் வீடுகளைப் பார்க்கச் சொல்வேன். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர் சுட்ட மண் ஓட்டைத் தரையில் பதிப்பதைப் பெரிதும் ஆதரித்தவர். பக்கத்துச் சூளையில் கிடைப்பதை வைத்துக் கட்டு என்பது அவர் வழி. எண்ணெய்க் கறை பிடிக்கும் என்று தெரிந்தே பதித்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்கள், "இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்பார்கள். தரையை மாற்ற முடியாவிட்டாலும் மறைக்க முடியும். பவானி ஜமக்காளம் ஒன்று ஹாலின் பளபளப்பில் பாதியை அடக்கிவிடும். கோடைக்குப் பத்தமடைப் பாய். நடு உச்சியில் இருக்கும் வெள்ளை டியூப்லைட்டை ராத்திரியில் அணைத்துவிட்டு, உட்கார்ந்தால் தலைக்குச் சற்று மேலே வரும் உயரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு வையுங்கள். சுவரில் படம் மாட்டும்போது நின்றுகொண்டு உயரம் பார்க்காமல், ஒருவரைத் தரையில் உட்காரவைத்துக் கேட்டு மாட்டுங்கள். பெரும்பாலும் ஓர் அடி இறங்கும்.

சொந்த வீட்டுக்காரர்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான். எந்தக் கல்லாக இருந்தாலும் மாதிரிக்கு நாலு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஜன்னலுக்கு எதிரே தரையில் வரிசையாகப் போடுங்கள். காலையிலும் சாயங்காலமும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சாம்பார் ஒரு சொட்டு, எண்ணெய் ஒரு சொட்டு, மஞ்சள் கரைசல் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். மாக்கோலம் ஓர் இழை இழுத்துப் பாருங்கள், பிடிக்கிறதா என்று தெரியும். தண்ணீர் தெளித்து வெறுங்காலோடு நடங்கள், முதலில் நீங்கள், அப்புறம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வீட்டில் வயதில் மூத்தவர். அவர் வேண்டாம் என்றால் அந்தக் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முணுமுணுப்பார், சாம்பார் கறையைக் காட்டிப் பணத்தைக் கழிப்பார். கழிக்கட்டும்.